சுருளிவேலின் ஆராய்ச்சியும் ஒரு செம்பு ஏலக்காயும்

தன் மனைவி அய்யம்மாள் தள்ளாத கிழவி என்று பத்தே நாளில் நிரூபித்துவிடுவதாக ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சுருளிவேல் சபதம் செய்தார். அப்போது அவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். கிழவி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

சுருளிவேல் ஓய்வுபெற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர். முப்பது வருஷம் போடி நகரத்துச் சாக்கடைகளை எட்டிப் பார்த்துக் குறை எழுதியவர். இப்போது எட்டிப் பார்க்க வீடு ஒன்றுதான் மிச்சம்.

சபதத்துக்குக் காரணம், மதுரை மில்லில் வேலை பார்க்கும் மகன் பால்பாண்டியின் கடிதம். "அம்மாவுக்கு முடியவில்லை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் இங்கே வந்துவிடுங்கள். அடுத்த வாரக் கடைசியில், ஞாயிறன்று, நானே வந்து பார்த்து முடிவு செய்கிறேன்."

மகன் வீட்டில் மின்விசிறி உண்டு. ரேடியோ உண்டு. சுருளிவேலுக்கு மதுரை இனித்தது. அய்யம்மாளுக்குக் கசந்தது.

"எங் கிணறு, எம் அடுப்பு, நாலு கோழி, பேச்சுக்குப் பக்கத்து வீட்டு ஜக்கம்மா. இதையெல்லாம் விட்டுட்டு அங்க வந்து என்ன செய்ய? மருமக குடுக்குற காப்பிக்குக் கைய நீட்டிக்கிட்டு உக்காரவா?"

"நீட்டுனா என்ன? சூடா வரும்."

"எங் கையி ஓடுற மட்டும் நான் இந்த வாசலத் தாண்ட மாட்டேன். சொல்லிட்டேன்."

கை ஓடவில்லை என்று காட்டிவிட்டால்? வழியை ஒரு பத்திரிகை சொல்லிக் கொடுத்தது. ஏதோ அயல்நாட்டில், வயதானவர்கள் அடுத்தவர் தயவில்லாமல் வாழ என்ன செய்யலாம் என்று டாக்டர்கள் ஆராய்கிறார்களாம். தண்ணீர் இறைக்க முடிகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, வைத்த பொருள் வைத்த இடம் நினைவிருக்கிறதா என்று வீடு வீடாகச் சோதித்து எழுதுகிறார்களாம். அந்த டாக்டர்கள் எழுதியது முதியவர்களைத் தூக்கி நிறுத்த. சுருளிவேல் எழுதக் கிளம்பியது, நிற்கிறவளை உட்கார வைக்க.

"அய்யம்மா! பழைய நோட்டு ஒண்ணு இருந்துச்சே?"

"அலமாரி மேல."

"பென்சிலு?"

"நோட்டுக்குள்ள."

"என் கண்ணாடி?"

"நெத்தியில."

ஆராய்ச்சி தொடங்கியது.

முதல் நாள் ஊசி கொடுத்தார். கண்ணாடி போடாமலே கோத்து, அவர் சட்டைக்கு அறுந்த பித்தானையும் தைத்துக் கொடுத்தாள். "கோத்தாள். தற்செயல்" என்று எழுதினார். இரண்டாம் நாள் கிணற்றடியில் நின்று எண்ணினார். இருபது குடம். "நடுவில் ஒரு இருமல்" என்று எழுதினார். இருமியது அவர். மூன்றாம் நாள் பதினோரு சாமானை வாயால் சொல்லிக் கடைக்கு அனுப்பினார். பன்னிரண்டோடு வந்தாள்.

"இது என்ன?"

"தலவலித் தைலம். நீங்க சொல்ல மறந்துட்டீக."

"சொல்லாததையும் வாங்குகிறாள்" என்று எழுதினார். எழுதும்போதே லேசாகத் தலை வலித்தது.

நாலாம் நாள்தான் புதையல் கிடைத்தது.

குரங்கணிக்கு மேலே மலையில் தோட்டம் வைத்திருக்கும் அவள் தம்பி, வீட்டுச் செலவுக்கு ஒரு பை ஏலக்காய் அனுப்பியிருந்தான். அய்யம்மாள் சுளகில் கொட்டி, திரட்சியான காய் வேறு, வெடித்த காய் வேறு என்று பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு.

"அய்யம்மா, வெந்நி எங்க?"

"கொல்லையில." சொல்லிவிட்டு ஒரு காயைச் செம்பில் போட்டாள். டிக்.

"சீப்பு?"

"மாடத்துல." டிக்.

"இன்னைக்கு என்ன கெழமை?"

"திங்க." டிக்.

சுருளிவேல் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எதுக்குடி நல்ல காயச் செம்புல போடுற?"

"சும்மாதான்."

சிவப்புப் பென்சிலை எடுத்துவரச் சொல்லி (டிக்), "காரணமின்றிக் காயைச் செம்பில் போடுகிறாள். புத்தித் தடுமாற்றம்" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

போட்ட பிறகு மனசு என்னவோ செய்தது. நாற்பது வருஷம் ஓடிய கை. பாவம், தன்னையறியாமல் தடுமாறுகிறதே! அன்று சாயங்காலம் அவளுக்குத் தன் கையாலேயே காப்பி போட்டுக் கொடுக்க அடுப்படிக்குள் நுழைந்தார்.

"அய்யம்மா, சீனி எங்க?"

டிக்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பால்பாண்டி ரயிலிறங்கி வந்தான். சுருளிவேல் நோட்டை நீட்டி, குரலைத் தாழ்த்தினார். "கடைசிப் பக்கத்தப் படி. மனசத் தேத்திக்க."

படித்தவன் கலங்கிப்போய்த் தாயிடம் ஓடினான். "என்னம்மா இது? ஏலக்காயச் செம்புல போடுறியாமே?"

அய்யம்மாள் செம்பை எடுத்துவந்து சுளகில் கவிழ்த்தாள். காய் குவிந்து, சரிந்து, தரையில் உருண்டது.

"இது உங்கப்பா என்னக் கூப்பிட்ட கூப்பாடு. ஒரு கூப்பாட்டுக்கு ஒரு காயி. ராத்திரி கூப்பிட்டதுக்குப் போடல. எந்திரிக்கச் சடவா இருந்துச்சு."

"நீ அவரக் கூப்பிட்டது?"

மடியிலிருந்து ஒற்றைக் காயை எடுத்து வைத்தாள். "வீடு கூட்டணும், காலத் தூக்குங்கன்னு சொன்னேன்."

பால்பாண்டி நோட்டை மூடினான். "சரி. முடியாதவுகளக் கூட்டிட்டுப் போறேன்னுதான எழுதுனேன்? அம்மா இங்கயே இருக்கட்டும். அப்பா, நீங்க கெளம்புங்க. சாயங்கால ரயிலு இருக்கு."

சுருளிவேலின் கண்ணுக்குள் மின்விசிறி சுற்றியது. ரேடியோ பாடியது. ஆனால் மதுரையில் எந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவது?

"இவள ஒத்தையில விட்டுட்டா? வயசானவடா!"

"நான் இருந்துக்கிருவேன். வெரசா கெளம்புங்க. துணியெல்லாம் மடிச்சுப் பெட்டியில வச்சிட்டேன்" என்றாள் அய்யம்மாள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா?

சுருளிவேல் துள்ளி எழுந்தார். "நான் வரல! நான் இங்கயேதான் இருப்பேன். இனிமே என் சோலிய நானே பாத்துக்கிருவேன். ஒருத்தரையும் கூப்பிட மாட்டேன்!"

"நெசமாவா?"

"நெசமா. இந்த நோட்டுலயே எழுதிக் கையெழுத்துப் போடுறேன், பாரு!"

நோட்டைப் பிரித்தார். சட்டைப் பையைத் தடவினார். காதுக்குப் பின்னால் தடவினார். குனிந்து நாற்காலிக்கடியில் பார்த்தார். தாயும் மகனும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"அய்யம்மா," என்றார் சுருளிவேல், "பென்சிலு எங்க?"

காலிச் செம்பில் முதல் காயைப் போட்டது பால்பாண்டி.