நாற்பத்தொன்றாம் நம்பர் தகரம்

1969 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தூறல். குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் சளி பிடிக்கும், அந்த அளவுத் தூறல். வயிற்று வலி என்று ஆபீசுக்கு லீவு லெட்டர் கொடுத்தனுப்பிவிட்டு, நான் பேத்தமங்களா ஏரிக்கரையில் நின்று பெண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன், நாற்பது. இதற்கெல்லாம் காரணம் டோக்கன் அக்கா.

தலைமுறை தலைமுறையாக மண்ணைத் தோண்டிய ஊர் கோலார் தங்க வயல். எவ்வளவு ஆழம் தோண்டியும் அவளைப்போல் இன்னொருத்தி கிடைக்கவில்லை.

சுரங்கத்தில் இறங்குகிறவன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை ஜன்னலில் வாங்கிக்கொண்டு இறங்குவான். மேலே வந்ததும் திருப்பித் தருவான். உள்ளே பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால், ஒருவன் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஜன்னலுக்கு உள்ளே டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக நான். வயது இருபத்தாறு, வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம். ஜன்னலுக்கு வெளியே வடைக்கூடையோடு அக்கா.

அவளிடம் வடை வாங்கினால் தகர டோக்கன் ஒன்று தருவாள். தின்று முடித்ததைக் காட்டித் திருப்பித் தர வேண்டும். எதற்கு என்று கேட்டால், "வடை எங்க போச்சுன்னு தெரிய வாணாமா?" என்பாள். அவளுடைய ஆறு கோழிகளின் காலிலும் நம்பர் உண்டு. எங்கள் வயலின் பாலகாட் சுரங்கப் பக்கத்திலிருந்து கோலாருக்குப் போன ஒரு கல்யாண பஸ்ஸை, எண்ணிக்கையில் ஒரு ஆள் கூடுதல் என்று ஐம்பது நிமிடம் நிறுத்தி வைத்தாள். கடைசியில் அது பஸ் மாறி ஏறிய யாரோ ஒரு தையல்காரர். அவரையும் விடவில்லை, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பாறை வெடித்த ஒரு நாளில் அவள் புருஷன் கீழே இருந்தார். பலகையில் காலியாக இருந்த ஆணியையே இரண்டு நாள் பார்த்துக்கொண்டு நின்றாளாம். மூன்றாம் நாள் டோக்கன் வந்தது. ஆள் வரவில்லை.

இப்படியிருக்கையில்தான் பேத்தமங்களா ஏரிக்கரையில் ஐந்து பேர் வந்து முளைக்குச்சி அடித்தார்கள். மூன்று கால் வைத்த தூரக்கண்ணாடியில் பார்த்தார்கள். அங்கே அணு மின் நிலையம் வரப்போகிறது என்று டீக்கடையில் பேச்சு. யார் சொன்னது? எல்லாரும் சொன்னார்கள். எங்கள் ஊர்க் குழாயில் வருவது அந்த ஏரித் தண்ணீர்.

அக்கா என் ஜன்னலுக்கு வந்தாள். "கிளார்க்கு தம்பி, அணுன்னா இன்னா?"

படித்தவன் அல்லவா, விளக்கினேன். ஒரு கைப்பிடிச் சாமானில் ஊருக்கே கரண்ட் என்றேன்.

"எத்தினி பேரு கீழ எறங்குவாங்க?"

"யாரும் இறங்க வேண்டாம் அக்கா."

"அதுலேர்ந்து ஏதோ விஷம் வெளிய வருமாமே. ஏரியில கலந்தா எவ்ளோ கலந்துச்சுன்னு எண்ண முடியுமா?"

"கண்ணுக்கே தெரியாதாம்."

"வெளிய போனது திரும்பி வந்துச்சான்னு பாக்க முடியுமா?"

"முடியாது."

"அப்போ வாணாம்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அணுவுக்கு எதிராக நான் படித்த வாதங்கள் பதினேழு. இதைவிடச் சுருக்கமானது அதில் இல்லை.

அடுத்த வாரமே போராட்டம். கத்தக் கூடாது, கல்லெடுக்கக் கூடாது, ஜீப் போகிற வழியில் சும்மா உட்கார வேண்டும். ஷிஃப்டுக்கு நாற்பது பெண்கள், ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட். பிஸ்கட் டின்னை வெட்டி, ஆணியால் நம்பர் குத்தி ஆளுக்கொரு தகரம். ஆணி அடித்த பலகையும் வந்திருந்தது. எண்ணத் தெரிந்தவன் என்று என்னை அழைத்தாள். நான் ஓரமாக நின்று எண்ணிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவதாகத்தான் பேச்சு. எண்ணி முடித்ததும் என் கையில் ஒரு தகரத்தைத் திணித்தாள். நம்பர் நாற்பத்தொன்று.

"எனக்கு எதுக்கு அக்கா?"

"எண்ணுறவனும் எண்ணிக்கையில வரணும்."

உட்கார்ந்தவர்களுக்குள் ஒரே குழப்பம். ரோஸ்மேரி அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். தெலுங்குக்காரி சுப்பம்மா ரேஷன் சர்க்கரைக்காக என்று நினைத்து வந்தவள். விஷயம் தெரிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "வந்தது வந்துட்டேன், சர்க்கரையும் சேத்து கேளுங்க" என்றாள். குச்சி அடிக்க வந்தவர்களோ, தங்களுக்கே ஒன்றும் தெரியாது, அளக்கச் சொன்னார்கள் அளக்கிறோம் என்றார்கள்.

பதினொரு மணிக்குப் போலீஸ் வேன் வந்தது. பெண்கள் தாங்களாகவே வரிசையாக ஏறினார்கள். நான் புளியமரத்துக்குப் பின்னால் போனேன். பயம்தான், வேறென்ன சொல்ல. வயிற்று வலிக்காரன் பெயர் போலீஸ் ரிஜிஸ்தரில் ஏறினால் வேலை நிரந்தரமாவது எப்படி? வேன் போனதும் பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று பஸ் போயிற்று. ஒன்றிலும் ஏறவில்லை. மூன்று மணிக்கு ஸ்டேஷன் கேட் அருகே வழிப்போக்கன் மாதிரி நின்றேன்.

நாலரைக்கு இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, "எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் அம்மா" என்றார். நல்ல மனிதர், கன்னடம் கலந்த தமிழ். வேனில் கூடவே வந்த பலகையில் ஒவ்வொருத்தியும் தன் தகரத்தை மாட்டினாள். ஓர் ஆணி காலி.

"ஒண்ணு வரல சார். வர்ற வரைக்கும் நாங்க போமாட்டோம்" என்று அக்கா தரையில் உட்கார்ந்தாள். மீதி முப்பத்தொன்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

"நான் ஏத்தினது நாற்பது. இங்க இருக்கறதும் நாற்பது."

"உங்க கணக்கு சரி சார். எங்க கணக்கு நாப்பத்தொண்ணு."

"யாரு அது? பேரு சொல்லுங்க."

"நம்பர்தான் தெரியும்."

நான் நிற்பது அவளுக்குத் தெரியும். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. ரோஸ்மேரி மட்டும், "ஐயோ, ஏரியாண்ட போச்சோ இன்னாவோ" என்றாள்.

ஏரி என்றதும் இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. கான்ஸ்டபிள்கள் நாலு பேரை அனுப்பினார். பரிசல்காரனுக்கு ஆள் போயிற்று. என் உடலைத் தேடி ஏரியில் பரிசல் விடப் போகிறார்கள். நான் கேட்டருகே நின்று கடலை தின்றுகொண்டிருக்கிறேன். அக்கா அந்தக் காலி ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருந்தேன். கடலைப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தகரத்தை நீட்டினேன்.

"நாற்பத்தொண்ணு நான்தான் சார்."

இன்ஸ்பெக்டர் என் மீசையைப் பார்த்தார். ரிஜிஸ்தரைப் பார்த்தார். நாற்பதை அடித்து, 'பெண்கள் 41' என்று திருத்தி, கீழே என் பெயரையும் எழுதிக்கொண்டார்.

"வலி எப்படி கீது தம்பி?" என்றாள் அக்கா, புடவையைத் தட்டிக்கொண்டே எழுந்து.

மறுநாள் டைம் ஆபீசர் கேட்டார்: "வயித்து வலிக்கு போலீஸ் ஸ்டேஷன்ல என்ன மருந்துய்யா?" ஒரு மெமோ, ஒரு நாள் சம்பளப் பிடித்தம். ஒரு மாதத்தில் வருவதாக இருந்த நிரந்தரம் ஏழு மாதம் கழித்து வந்தது.

பெண்கள் மேலும் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். பிறகு குச்சி அடித்தவர்கள் வரவில்லை. வந்தது அணுவா, புதுக் குழாயா, ரோடா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. "நாம ஜெயிச்சோமா அக்கா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"கொழாயில தண்ணி வருதா?"

"வருது."

"அப்போ இன்னாத்துக்குக் கேக்கிற?"

அன்று கிளம்புகிற அவசரத்தில் அந்தத் தகரத்தை ஆணியில் மாட்டாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு பஜாரில் எங்கே பார்த்தாலும், "நாப்பத்தொண்ணு இன்னும் மேல வரல" என்பாள். எத்தனையோ முறை திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஆணி காலியாக இருக்கிறவரை அவள் என்னைத் தேடிக்கொண்டிருப்பாள் அல்லவா. அவள் போன பிறகு யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை. மேஜை டிராயரில் கிடக்கிறது.

அதன் விலை, அந்த நாளுக்கான சம்பளப் பிடித்தம், ஏழு ரூபாய் எட்டுப் பைசா.