கன்னிச்சாமியின் ஆட்காட்டி விரல்

மார்கழி முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் பல் கிடுகிடுக்க நின்று பழனிக்கு மாலை போட்டுக்கொண்டேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். பக்தி ஒரு கால் பங்கு இருக்கும். மீதி முக்கால் பங்கு கேரம் போர்டு. இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வீட்டில் சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் இனிமேல் ஒன்றும் ஆகப் போவதில்லை.

என் வலது கை ஆட்காட்டி விரல் சாதாரண விரல் இல்லை. செண்பகனூர் படிப்பகத்தில் வருஷா வருஷம் நடக்கிற கேரம் போட்டியில், ஒன்பது வருஷம் முட்டி மோதி, இந்த வருஷம்தான் இந்த விரல் என்னை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். எதிரில் ஜீப் ஓட்டுகிற ராமர். மூன்று வருஷமாகக் கோப்பை அவர் வீட்டு டிவி மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நான் விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவி, துணி சுற்றி, குளிர் படாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். என் சாக்லேட் கடையில் கட்டி வெட்டுவதைக்கூட இடது கைக்கு மாற்றிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் திங்கட்கிழமை மாலை முருகேஸ்வரி ஒரு பெரிய பையோடு வந்தாள்.

முருகேஸ்வரி என் மனைவி. வீட்டு முன்னறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிளே ஸ்கூல் நடத்துகிறாள். மூன்று, நான்கு வயதில் பன்னிரண்டு உருப்படிகள். வெள்ளிக்கிழமை பள்ளியில் 'பூ நாள்'. பிள்ளைகள் தங்கள் கையாலேயே பூங்கொத்து செய்து, வருகிற அப்பா அம்மா கையில் கொடுக்க வேண்டும். இந்தக் குளிரில் நிஜப் பூ வாடாமல் இருக்குமே என்றேன். பிள்ளைகளின் விரலுக்குப் பயிற்சி வேண்டுமாம். அதனால் பைப் கிளீனர் பூ.

பையைக் கவிழ்த்தாள். சிவப்பு, மஞ்சள், ஊதா, பச்சை என்று கம்பளிப்பூச்சி மாதிரி நூற்றுக்கணக்கில் விழுந்தன. நடுவில் மெல்லிய கம்பி, சுற்றிலும் பஞ்சு முடி. எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்கும். ஐந்து வளையம் போட்டு நடுவில் முறுக்கினால் ஐந்து இதழ். மஞ்சளை விரலில் சுற்றி உருவினால் பூவின் நடு. பச்சையைச் செருகினால் காம்பு. ஒன்று செய்து பார்த்தேன். பஞ்சு பஞ்சாகத்தான் இருந்தது, ஆனால் வெட்டின நுனியில் கம்பி ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சுருக்கென்று குத்தியது. எங்கே? அந்த விரலில்தான்.

ஆயா காளியாயி மகள் பிரசவத்துக்காகக் கிளாவரைக்குப் போய்விட்டாளாம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலையில் கடையை அடைத்துவிட்டு நான் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமாம். சனிக்கிழமை தாராளமாக கேரம் ஆடப் போகலாமாம். நியாயமான பேச்சுதான், இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து பூ, அறுபது பூ, நூற்றுக்கணக்கான கம்பி நுனி. சனிக்கிழமை என் விரல் சல்லடையாக இருக்கும். இதில் ராமர் மகள் ஸ்வேதா வேறு அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி.

ராத்திரி படுத்தபோதே யோசனை வந்துவிட்டது. எங்கப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் மாலைக்கடை. மாலை போட்ட நிமிஷத்தில் ஒரு மனுஷனுடைய மதிப்பு எப்படி ஏறும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். நேற்றுவரை "ஏலே" என்று கூப்பிட்ட பெண்டாட்டி இன்றைக்குச் "சாமி" என்பாள். சாமியிடம் கோபப்படக் கூடாது, சாமிக்கு வேலை ஏவக் கூடாது. அந்த ஊரிலேயே பிறந்தும் நான் ஒரு தடவைகூட மாலை போட்டு நடந்ததில்லை. மலை வீட்டுக்குப் பின்னால் இருக்கும்போது எங்கே போய் நடப்பது?

ஆக, செவ்வாய்க்கிழமை மாலை போட்டாயிற்று. வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து நின்றேன். தரை ஐஸாக இருந்தது. முருகேஸ்வரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"தைப்பூசம் வரைக்குமா?"

"ஆமா. முழு மண்டலம். நாப்பத்தெட்டு நாள்."

"நல்லதுங்க சாமி."

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு முறைப்பு இல்லை. அந்தப் பூ வேலை சாமிக்கு ஒத்துவராது என்று நானே மெதுவாக எடுத்துச் சொன்னேன். சரிதான் சாமி என்றாள். காப்பி கைக்கு வந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி என் காலில் விழவைத்தாள். நான் கடைக்குப் பின்னால் போர்டு போட்டு, பவுடர் தூவி, சாயங்காலம்வரை ஆடினேன். ரெட்டும் அதோடு அடுத்த காயும் பதினேழு தடவை விழுந்தன. இந்த யோசனை ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று வருத்தப்பட்டேன்.

புதன்கிழமை வெள்ளனே பச்சைத் தண்ணீரில் குளித்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டில் அவள் இல்லை. ஆறரைக்கு வந்தாள். பச்சைச் சேலை, நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் துளசி மாலை.

எங்கேயோ ஒரு கணக்கு இடித்தது. ஏன் என்று உடனே பிடிபடவில்லை.

"சாமிக்கு இது எத்தனாவது வருசம்?" என்று கேட்டாள்.

"முத வருசம்தான். உனக்குத் தெரியாதா?"

"அப்ப சாமி கன்னிச்சாமி. எனக்கு இது பதினஞ்சாவது."

பிடிபட்டது. முருகேஸ்வரி பூம்பாறைக்காரி. பூண்டுக் காட்டுச் சோலியை முடித்துவிட்டு, எட்டு வயதிலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் வருஷம் தவறாமல் அவள் அப்பா கூட்டத்தோடு காட்டுப்பாதையில் பழனிக்கு இறங்கினவள். பதினான்கு நடை. அதிக வருஷம் நடந்தவர் குருசாமி. முதல் வருஷக்காரன் கன்னிச்சாமி. குருசாமி சொன்னால் கன்னிச்சாமி ஏன் என்று கேட்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. பெரிய பெரிய ஆபீசரெல்லாம் கன்னிச்சாமியாக வந்து, தள்ளுவண்டி தள்ளுகிற குருசாமி சொன்னார் என்று பாத்திரம் கழுவியதை எங்கப்பா கடை வாசலிலேயே நின்று நான் பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன்.

வீட்டுக்குள்ளே ஏது குருசாமி, அதுவும் பொம்பளை எப்படி என்று மெல்ல இழுத்தேன். பூம்பாறைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். என் மாமனார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மாலைக்கு ஆண் என்ன பெண் என்ன, எண்ணிக்கைதான் கணக்கு என்றார். கன்னிச்சாமி முகம் எப்போதும் சிரிச்சாப்புல இருக்கணும் என்று கூடுதலாக ஒன்றையும் சொல்லிவிட்டு வைத்தார்.

"சாமி," என்றாள் முருகேஸ்வரி, ரொம்ப மரியாதையாக. "பிள்ளைக வர நேரமாச்சு. வெரசா பாயை விரிங்க."

விரித்தேன்.

மூன்று நாள். அந்த மூன்று நாளை எப்படிச் சொல்வது? இடது கையால் வளைத்தேன். வலது கையில் நடுவிரலையும் கட்டைவிரலையும் மட்டும் வைத்து முறுக்கினேன். ஆட்காட்டி விரலை மட்டும் மேலே தூக்கியே வைத்திருந்தேன். அதைப் பார்த்த பிள்ளைகள் பன்னிரண்டும் ஆட்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டே பூ செய்தன. அப்படித்தான் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டன. ஒரு பூவும் உருவாகவில்லை. குருசாமி எட்டிப் பார்த்தாள். கன்னிச்சாமி விரலை மடக்கணும் என்றாள். மடக்கினேன்.

அஜய் என்று ஒரு பையன். நான் செய்து கொடுக்கிற பூவை எல்லாம் பிரித்து நேராக்கி, திரும்ப என் கையிலேயே கொடுப்பான். நாலு தடவை. ஐந்தாவது தடவை எனக்குத் தலைக்கு ஏறியது. கழுத்தில் மாலை கிடக்கே, கோபப்பட முடியுமா? "ரொம்ப நல்லா இருக்கு கண்ணு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டு ஆறாவதையும் பிரித்தான். இன்னொரு குழந்தை தன் பூவுக்கு நாலு கால் வேண்டும், வால் வேண்டும் என்று அழுதது. வைத்துக் கொடுத்தேன்.

என் பயமெல்லாம் ஸ்வேதா மேல்தான். ராமர் மகள். நாலு வயது. இரண்டு கம்பியை இரண்டு கையில் வாள் மாதிரி பிடித்துக்கொண்டு என் மடியில் வந்துதான் உட்காருவேன் என்பாள். அப்பா சொல்லி அனுப்பினாரா என்று சந்தேகமாக இருந்தது. புதன் தப்பித்தேன். வியாழன் இரண்டு தடவை நூலிழையில் தப்பித்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, அறுபதாவது பூவுக்குக் காம்பு செருகும்போது, "கன்னிச்சாமி மாமா, இந்தாங்க" என்று ஆசையாக நீட்டினாள். நேராக நகக்கண்ணில் ஏறியது.

ரத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. முகம் மட்டும் சிரித்தாப்போல இருந்தது. ஸ்வேதாவே ஓடிப்போய்ப் பிளாஸ்டர் எடுத்துவந்து ஒட்டி, ஊதியும் விட்டாள். நான் சந்தேகப்பட்டதை நினைத்து எனக்கே வெட்கமாகப் போயிற்று.

பூ நாள் பிரமாதமாக நடந்தது. ராமரும் வந்திருந்தார். மகள் கொடுத்த பூங்கொத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கழுத்து மாலையைப் பார்த்தார், விரல் பிளாஸ்டரைப் பார்த்தார். முருகேஸ்வரியிடம் போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். பள்ளியைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் பிளாஸ்டரைப் பிரித்து விரலை நீட்டி மடக்கினேன். வலித்தது, ஆனால் வேலை செய்தது. முருகன் இருக்கிறார் என்று நிஜமாகவே கும்பிட்டேன். மாலை போட்டதிலிருந்து மனதாரக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டரைக்கு ஸ்ட்ரைக்கரை மடியில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன்.

படிப்பகத்தில் நிற்க இடமில்லை. போர்டில் காய் அடுக்கி, நடுவில் ரெட் வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். எதிரே ராமர் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாலை போட்ட சாமி போட்டியில் ஆடலாமா, குருசாமி உத்தரவு வாங்கியாச்சா என்று கேட்டார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. உத்தரவா என்று விழித்தேன். இவருக்கு யார் குருசாமி என்று கமிட்டிக்காரர் கேட்க, இவர் வீட்டம்மாதான் என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். செண்பகனூருக்கே தெரிந்திருக்கிறது.

போன் போட்டார்கள். மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்தார்கள். மணி இரண்டு ஐம்பத்தைந்து. நாலு தடவை அடித்தது, ஐந்து தடவை அடித்தது. ஒன்பது வருஷம் அந்தப் போனுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கை வேர்த்து, பூசியிருந்த பவுடர் களியாகிவிட்டது.

எடுத்தாள். கமிட்டிக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"ஆடட்டும்," என்றாள். எனக்கு உயிர் வந்தது. "ஆனா ஒண்ணு. காளியாயி அக்கா இப்போதைக்கு வராது. தைப்பூசம் வரைக்கும் கன்னிச்சாமி தினமும் காலையில பிள்ளைகளோட உக்காந்து சேவை செய்யணும். சம்மதமான்னு எல்லாரு முன்னாடியும் கேளுங்க."

இன்னும் நாற்பத்து மூன்று நாள். நான் ரெட்டைப் பார்த்தேன். கோப்பையைப் பார்த்தேன், போர்டுக்குப் பக்கத்திலேயே பளபளவென்று இருந்தது. யாரோ "நேரமாச்சு சாமி" என்றார்கள்.

"சம்மதம்," என்றேன்.

சாமி வாக்கு என்று கூட்டம் கை தட்டியது. போன் வைக்கப்பட்டது. நான் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து விரலை வளைத்தேன். அப்போது ராமர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மாலை போட்ட சாமியைத் தோற்கடித்தால் தனக்குப் பாவம், தோற்றுக்கொடுத்தால் தன் விரலுக்குப் பாவம், ஆகவே ஆட்டத்தைத் தைப்பூசம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார். கமிட்டிக்காரர் யோசிக்கவே இல்லை, உடனே சரி என்றார். யாரோ காயை எல்லாம் டப்பாவில் அள்ளிப் போட்டார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வாக்குக் கொடுத்தாயிற்று. ஆட்டம் இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. வாசலில் முருகேஸ்வரி ஒரு புதுப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பட்டாம்பூச்சியாம். நான் படியில் உட்கார்ந்து, ராமர் செய்த அநியாயத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் ஒரு ஊதாக் கம்பியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"பாவம் அந்த அண்ணன், மாலை போட்ட சாமியோட எப்படி ஆடுறதுன்னு நேத்து பூ நாள்லயே வந்து கேட்டுச்சு சாமி. சம்மதம் வாங்கின கையோட ஆட்டத்தைத் தள்ளிப் போட்டுருங்கன்னு நான்தான் சொன்னேன்."