பொன்னாத்தாளின் உயில்

சிவசுப்பிரமணியம் ஒரு சபதம் எடுத்தார். திருப்பூரை ஒட்டிய நல்லூரில் பனியன் தைக்கும் கம்பெனி வைத்திருப்பவர், புதிதாக வரப்போகும் தர்ம ஆஸ்பத்திரிக் கமிட்டிக்குச் செயலாளர் வேறு. ஆண்களிடம் நன்கொடை கேட்டு நடந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இனிமேல் பெண்களிடம்தான் கேட்பது! அதுவும் இப்போது ஒன்றும் தர வேண்டாம். தங்கள் காலத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குச் சேரும்படி உயில் எழுதினால் போதும்.

திருப்பூர் முதலாளிகளின் ரகசியம் அவருக்குத் தெரியும். தொழில் படுத்துவிட்டால் பேங்க்காரன் கை வைக்கக் கூடாதென்று கட்டடத்தை எல்லாம் மனைவி பேரில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த மனைவிகளுக்கே அது மறந்து போயிருக்கும்.

மகளிர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார். "உங்க பேர்ல இருக்கறது உங்களுதுங்க. ஊட்டுக்காரரைக் கேக்கோணும்னு ஒரு அவசியமும் இல்லீங்க!"

கைதட்டல் காதைப் பிளந்தது. பின்வரிசையில் அவர் மனைவி பொன்னாத்தாளும் தட்டினாள். வீடு திரும்பும்போது கேட்டாள்.

"ஏனுங்க, முழங்கால் வலி தாங்கலீங்க. டாக்டர்கிட்டப் போலாமுங்களா?"

"இந்த ஷிப்மென்ட் போகட்டும் அம்மிணி."

ஆறு மாதமாக இதே கேள்வி, இதே பதில்.

பத்தே நாளில் பதினொரு உயில்களின் நகல் கமிட்டி ஆபீசுக்கு வந்துவிட்டது. காதர்பேட்டை வியாபாரி அழகுமலையின் மனைவி மதுமதி, கடையையே எழுதிவிட்டாள். சிவசுப்பிரமணியத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடைசி நகலை எடுத்தார். பொன்னாத்தாள், நல்லூர், தையல் கம்பெனிக் கட்டடம்.

நல்லூரில் இன்னொரு பொன்னாத்தாளா? ஒன்றும் புரியவில்லை. கணவர் பெயரைப் பார்த்தார். அவன் பெயரும் சிவசுப்பிரமணியம். எந்த ஏமாளியோ, பாவம் என்று மனதார இரக்கப்பட்டார். கதவு எண்ணைப் படித்த பிறகுதான் தலை சுற்றியது.

வீட்டுக்குப் பறந்தார்.

"என்னைக் கேக்காம எப்படி எழுதுன?"

"கேக்க வேண்டாம்னு நீங்கதானுங்களே மைக்ல சொன்னீங்க?"

"அது மத்தவங்களுக்கு!"

"நானும் அங்கதானுங்க உக்காந்திருந்தேன்."

"கட்டடம் என்னோடது!"

"அப்படீங்களா? அதை பேங்க்காரங்ககிட்டச் சொல்லிப் போடட்டுங்களா?"

சிவசுப்பிரமணியம் தண்ணீர் குடித்தார்.

"நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் நடுத்தெருவுல நிக்கோணுமே!"

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கோங்க."

"உயிலை மாத்தி எழுத முடியாதா?"

"எப்ப வேணா மாத்தலாம்னுதான் வக்கீலம்மா சொன்னாங்க. கால் வலியோட எப்படீங்க அவுங்க ஆபீஸ் மாடிப்படி ஏறறது?"

மறுநாள் ஷிப்மென்ட் அப்படியே நின்றது. கோயம்புத்தூர் முழங்கால் டாக்டரின் வரவேற்பறைக்குள் பொன்னாத்தாளோடு நுழைந்தவர் திகைத்துப் போனார். மதுமதியின் எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்தபடி அழகுமலை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் மூன்று முதலாளிகள், மடியில் மனைவியின் கைப்பையோடு. நால்வரும் சிவசுப்பிரமணியத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள்.

அவர் மனைவியின் காதருகே குனிந்தார். "இந்தக் கால் சரியானதும் மாத்தி எழுதிருவியல்ல கண்ணு?"

"அவசரப்படாதீங்க," என்றாள் பொன்னாத்தாள். "இது வலது காலு. இடது காலு இருக்குது, கண்ணு இருக்குது, பல்லு முப்பத்திரண்டு இருக்குது."