கோர்ட்டு மாப்பிள்ளையும் என் முதல் வழக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தன்னைப் பிடித்துப் போக வந்த போலீஸ்காரரிடம் தன் துணிமூட்டையை நீட்டி, "பாத்துத் தூக்கிட்டு வாங்கய்யா, வேட்டி மடிப்புக் கலைஞ்சிரும்" என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு உத்தமபாளையம் வைத்த பெயர் கோர்ட்டு மாப்பிள்ளை.

அவருக்கு வீடு கிடையாது. சந்தைக் கொட்டகையில் ஒரு நாள், அவிழ்த்துப் போட்ட மாட்டுவண்டிக்கு அடியில் ஒரு நாள் என்று படுத்துக்கொள்வார். ஸ்டேஷனில் கேஸ் குறைந்து போனால், பொது இடத்தில் படுத்து இடைஞ்சல் செய்ததாக அவர் பேரில் ஒன்றை எழுதிவிடுவார்கள். தகவல் தெரிந்ததும் முல்லையாற்றில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, காதில் ஒரு பூவைச் செருகிக்கொண்டு முன்னால் நடப்பார். மூட்டையைச் சுமந்தபடி போலீஸ் பின்னால் வரும். மேளம் ஒன்றுதான் குறை.

தண்டனையும் வழக்கமானதுதான். அன்றைக்குக் கோர்ட்டு கலைகிற வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவரும் கூரையில் தொங்கும் பங்கா விசிறிக்கு நேர் கீழே இடம் பார்த்து உட்கார்ந்து மற்றவர்கள் வழக்கை எல்லாம் ரசிப்பார். ஒருமுறை பெரிய வக்கீல் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே போக, "போதும்யா, சாமிக்கு அப்பவே வெளங்கிருச்சு" என்றார் மாப்பிள்ளை. அப்போதிருந்த மாஜிஸ்திரேட், பாவம், தன்னை மறந்து தலையாட்டிவிட்டார்.

அவருக்கு ஒரு தொழிலும் இருந்தது. பிள்ளை பிறந்தது, பெண் பெரியவளானது, கல்யாணம் நிச்சயமானது என்று எந்த நல்ல சேதியானாலும் அனுமந்தன்பட்டிக்கோ சின்னமனூருக்கோ நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வருவார். கெட்ட சேதி கொண்டு போகமாட்டார். "அதுக்குத் தபால் இருக்கு" என்பார். கூலி கேட்டதில்லை. அதனால் எந்த வீட்டிலும் அவருக்குச் சோறு உண்டு.

இப்படி இருக்கையில், மலையிலிருந்து இறங்கிய வண்டிகளில் ஏலக்காய் மூட்டைகள் தொடர்ந்து களவு போயின. திருடன் அகப்படவில்லை. புதிதாக வந்திருந்த மாஜிஸ்திரேட் கண்டிப்பானவர். மேலிடத்திலிருந்து ஸ்டேஷனுக்கு உத்தரவு மேல் உத்தரவு. யாரையாவது காட்டியாக வேண்டும். வீடில்லாத மாப்பிள்ளையைக் காட்டினார்கள். பதுங்கித் திரிகிறவர், பிழைக்க வழியில்லாதவர் என்று வழக்கு. சொத்துள்ள இரண்டு பேர் அவருடைய நன்னடத்தைக்கு ஜாமீன் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருஷம் மதுரை ஜெயில். சோறு போட ஊரே இருந்தது. கையெழுத்துப் போட ஒருவரும் இல்லை.

நான் அப்போது புது வக்கீல். கறுப்புக் கோட்டும் காலி வயிறுமாகக் கோர்ட்டு மரத்தடியில் நின்றுகொண்டிருப்பேன். மாப்பிள்ளை நேரே என்னிடம் வந்தார்.

"மத்த வக்கீலுக எல்லாம் சோலியா இருக்காக. நீங்கதான் சும்மா நிக்கிறீக. வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க."

"பெரிய வக்கீல் யாரையாவது..." என்று இழுத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கன ஜெயில்ல, ராத்திரியானா கதவச் சாத்திப் பூட்டிருவாகளாமே. மெய்யாவா?"

அதுவரை அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறு நிமிஷத்திலிருந்து பயம் முழுவதும் என்னிடம் குடிவந்துவிட்டது.

கோர்ட்டில் எழுந்து நின்றால், மாஜிஸ்திரேட்டின் மீசை அச்சாக என் மாமனாரின் மீசை. 'யுவர் ஆனர்' என்று ஆரம்பிக்க வேண்டியவன் 'மாமா' என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். நல்லவேளை, மாஜிஸ்திரேட் என்னைப் பொருட்படுத்தவில்லை.

சாட்சிக் கூண்டில், வழக்கை எழுதிய போலீஸ் ஏட்டையா ஏறி, எதிரியான மாப்பிள்ளை பதுங்கித் திரிகிறவர், ஜீவனத்துக்கு வழியற்றவர் என்று மனப்பாடமாக ஒப்பித்தார். இனி நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கேள்வியே தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"எதிரியை எங்கே வளைத்துப் பிடித்தீர்கள்?"

"பிடிக்கலீங்க. சொல்லிவிட்டேன், வந்தாக."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "யார் வந்தாக?"

"எதிரிதாங்க."

"பதுங்கித் திரிகிறவன், சொல்லிவிட்டதும் வந்தானா?"

"எப்பவும் வந்துருவாகங்க. காலையில ஆத்தங்கரையில இருப்பாக, மத்தியானம் சந்தையில இருப்பாக. ஊருக்கே தெரியும்ங்க."

அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து வக்கீல் என் கோட்டைப் பிடித்து இழுக்கவும் செய்தார். ஆனால் பயத்தில் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. நின்றதற்கு ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று கேட்டேன். "சரி, இவர் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்?"

ஏட்டையா விழித்தார். கூரையைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை ராவுத்தர் வீட்டுலங்க."

"இன்றைக்கு?"

ஏட்டையா குனிந்து பெல்ட்டைச் சரிசெய்தார். எதிரிக் கூண்டிலிருந்து மாப்பிள்ளை ஆறுதலாக எடுத்துக் கொடுத்தார். "சொல்லுங்க ஏட்டையா, இதுல என்ன வெக்கம்."

"இன்னைக்கு எங்க வீட்டுலங்க," என்றார் ஏட்டையா.

கோர்ட்டு சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "எதற்காகச் சோறு போடுகிறீர்?"

ஏட்டையா மாப்பிள்ளையைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்தப்ப, கொட்டுற மழையில சின்னமனூருக்கு நடந்து போயி எங்க மாமனார்கிட்டச் சொன்னது இவுகதாங்க. ஊருல முக்காவாசி வீட்டுக்கு இவுகதான் சேதி சொல்லிருக்காக."

பதுங்கவும் இல்லை, பிழைப்புக்கு வழி இல்லாமலும் இல்லை என்று சொல்லி, மாஜிஸ்திரேட் வழக்கைத் தள்ளிவிட்டார். ஏட்டையாவைப் பார்த்த பார்வையில் மட்டும் ஒரு வருஷ ஜெயில் இருந்தது. நான் ஜெயித்துவிட்டதாகப் பக்கத்து வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வாசலில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். "வாங்க, சாப்பிடப் போவோம்."

"எங்கே?"

"ஏட்டையா வீட்டுக்குத்தான். சாட்சி சொன்னாகல்ல."

கூண்டில் வைத்து வியர்க்க விட்ட மனிதரின் வீட்டுக்கே சாப்பிடப் போவதா என்று நான் பின்வாங்கினேன். மாப்பிள்ளை விடவில்லை. அங்கே ஏட்டையா சட்டையைக் கழற்றிவிட்டு, மனைவியின் முன்னால் மறுபடியும் கூண்டில் நின்றுகொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுச் சோத்தைத் திங்கிற மனுசர களவாணின்னு எழுதினீகளாக்கும்?"

"மேலிடத்து உத்தரவு ஆத்தா, நான் என்ன செய்ய."

"விடு தாயி," என்றார் மாப்பிள்ளை. "அவுக வேலைய அவுக பாத்தாக. நீ மொதல்ல வக்கீலய்யாவுக்கு இலையைப் போடு. காலையிலருந்து பச்சைத்தண்ணி குடிக்கல. எங்கன விழுந்துருவாகளோன்னு கூண்டுக்குள்ள எனக்கு ஒரே கவலை."

அதற்குப் பிறகு எத்தனையோ கட்சிக்காரர்கள் எனக்கு வந்துவிட்டார்கள். தோட்டம் துரவு, மாடி வீடு எல்லாம் உள்ளவர்கள். தன் வழக்கு நடக்கும்போது, வக்கீல் சாப்பிட்டானா என்று கவலைப்பட்டவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.