பொம்மைக்கேற்ற கப்பல்

ஹென்றி கம்பியூட்டரில் கட்டிய கப்பலில் பொம்மை கதவுக்குள் நுழைய மறுத்தது. தலை இடித்தது. கதவை உயர்த்தினார். இப்போது கதவு மேல்தட்டைப் பொத்துக்கொண்டு வெளியே நின்றது.

"பொம்மைய குனிஞ்சு போகச் சொல்லுங்க," என்றாள் மனைவி பெற்றீசியா.

"அதுக்குக் குனியத் தெரியாதுடி."

அம்பிட்டியவில் ஒரு ஹார்டுவெயார் கடைக் கிளார்க்குக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம், கலகெதரவில் பார்த்த கலியாணச் சம்பந்தம். மகன் கிளைவுக்கு எட்டு மாதமாகப் பெரிய பயணிகள் கப்பல் ஒன்றில் வேலை. அவனுக்கு ஷெரோன் டீச்சரைக் கேட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா அந்தோனிமுத்துவுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"மாப்பிள்ளை தங்குறது எப்புடிங்க? ஆறு பேரோட ஒரு மூலையிலயா?"

"சேச்சே, தனி ரூம்!" என்றுவிட்டார் ஹென்றி. மகனைக் கேட்டுச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அதோடு விட்டாரா? "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க, கப்பலையே காட்டுறேன்" என்றும் சொல்லிவைத்தார்.

கம்பியூட்டருக்குள் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் விளையாட்டு அது. லட்சம் கட்டை எடுத்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. ஆனால் கப்பலை எத்தனை மடங்கு சுருக்குவது? அங்கேதான் பொம்மை வில்லங்கம் செய்தது. அது குள்ளம், அதோடு குண்டு. உயரத்தை ஆள் உயரமாக வைத்தால் நாற்பத்தைந்தில் ஒன்று. அகலத்தை ஆள் அகலமாக வைத்தால் முப்பதில் ஒன்று. முதல் கணக்கில் பொம்மை நடைபாதையில் சிக்கிக்கொண்டது. இரண்டாவது கணக்கில் கப்பல் பெருத்து, புகைபோக்கி வைக்குமுன் கம்பியூட்டர் மூச்சை விட்டது. எரிச்சலில் எல்லாவற்றையும் பாதியாக்கினார். அதனால்தான் இந்தத் தலையிடி.

ஒரே ஒரு அறையின் உண்மையான அளவு கிடைத்தால் போதும், அதை வைத்து மற்றதைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. கடலில் லைன் இழுக்காது என்று கிளைவ் முகம் காட்டிப் பேசுவதில்லை, குரல் மட்டும் பதிந்து அனுப்புவான்.

"ஒன் ரூம அளந்து அனுப்புடா."

"எதுக்குப்பா அதெல்லாம்?"

"ஒன் கலியாணத்துக்குடா!"

இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு வந்தது. "நீளம் பன்னெண்டடி, அகலம் பத்தடி. கதவு அஞ்சரை அடி. தனியாத்தான் இருக்கேன்ப்பா."

ஹென்றி துள்ளினார். வாயில் வந்தது பலித்துவிட்டதே! அந்த அளவில் கிளைவின் அறையைக் கட்டினார். மற்ற வேலையாட்களும் மனிதர்கள்தானே என்று அறுநூறு பேருக்கும் அதே அளவில் கட்டினார். கப்பலின் விலா பிதுங்கியது. அகலத்தைக் கூட்டினார், பலாப்பழமாயிற்று. நீளத்தைக் கூட்டினார், கம்பியூட்டர் மறுபடி படுத்தது. நீச்சல் குளத்தை எடுத்து எறிந்த பிறகுதான் எழுந்தது. கூரை எவ்வளவு உயரம் என்று கேட்டு அனுப்பினார்.

"ஒரு பக்கம் ஒம்பதடி, மத்தப் பக்கம் ஏழு. சரிஞ்சிருக்குப்பா."

கப்பலின் பக்கம் சரிந்துதானே இருக்கும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டு, மேல்தட்டு முழுவதையும் சரித்தார்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணாமாங்க? கோழிக்கூடு மாதிரியில்ல இருக்கு," என்றாள் பெற்றீசியா.

"பெத்த புள்ள அளந்து அனுப்பினது பொய்யாகுமா? கப்பல் கம்பெனிக்காரன் நெட்டுல போட்டிருக்கிற படந்தான் பொய்."

ஹென்றியின் அப்பனும் பாட்டனும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, தேயிலைக்குள்ளேயே போனவர்கள். ஹென்றி சிமெந்து மூட்டை எண்ணும் வரைக்கும்தான் வந்தார். மகன்தான் கடலைத் தாண்டியவன். அவனைக் குறைத்து ஒருவன் பேசினால் அவருக்கு நெஞ்சு எரியும். இந்தச் சம்பந்தம் தவறினால் இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது?

ஞாயிற்றுக்கிழமை அந்தோனிமுத்துவும் மனைவியும் பஸ்ஸில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள். ஓட்டோக்காரரையும் பெற்றீசியா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். அவர் கதிரையில் உட்காராமல் கோப்பையோடு வாசலில் நின்றார்.

டீவியில் கப்பல் மிதந்தது. டீவிக்குப் பக்கத்துச் சுவரில் கிளைவ், வெள்ளைச் சீருடைப் படத்தில் சிரித்தான்.

"வயிறு கொஞ்சம் பெருசோ?" என்றார் அந்தோனிமுத்து.

"ஆளுங்க வசதியா இருக்கணும்ல? இந்தா, இதுதான் மாப்பிள்ளை ரூம். பத்துக்குப் பன்னெண்டு."

அந்தோனிமுத்து கிட்டே போய்ப் பார்த்தார். பொம்மை நிமிர்ந்து நின்றது. கை வீசவும் இடமிருந்தது.

"தனி ஆளுக்கா இம்புட்டு எடம்?"

"ஒரே ஆளுக்கு!"

"நம்ம ஷெரோனும் கூடப் போயி இருக்கலாம் போல," என்றாள் அவர் மனைவி.

"அப்ப நாள் பாத்துருவோம் சம்மந்தி," என்று கை நீட்டினார் அந்தோனிமுத்து. பெற்றீசியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஹென்றிக்கு எட்டு நாள் உழைப்பும் ஒரு நொடியில் இனித்தது.

ஓட்டோக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். டீவியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தயங்கித் தயங்கித் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தம்பி எங்க ஹுன்னஸ்கிரிய தோட்டத்து லயத்துல கடைசிக் காம்பராவுல தானே இருக்காரு? போன கிழமை அவசரமா காம்பராவ அளக்கணும்னு எங்கிட்ட நாடா வாங்கினாரு, இன்னும் திருப்பித் தரல்லங்க."