குற்றாலத்தில் நனையாத துண்டு

தென்காசி,
ஆடி மாதம், விடாத சாரல்.

மாப்பிள்ளை முத்துகுமரன் அவர்களுக்கு, மாமனார் ஆவுடைநாயகம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், வீடு, பிரிட்ஜ் மூவரும் சௌக்கியம். பிரிட்ஜ் மட்டும் அடிக்கடி முனகுகிறது. பேச்சுத்துணைக்கு ஆகுமே என்று ரிப்பேர்காரரைக் கூப்பிடவில்லை. அவ்விடம் புனேயில் தாங்களும் என் மகள் வித்யாலட்சுமியும் உலகம்மை கிருபையால் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில், "அங்க தனியா என்ன மாமா செய்யுதீங்க? வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்க" என்று கேட்டீர்கள். போனில் பதில் சொன்னால் வித்யா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள், நடுவில் அழுவாள், எனக்கும் பேச்சு வராது. ஆகவே கடிதம். நான் தனியாக இல்லை, சும்மாவும் இல்லை. துப்பறிகிறேன்.

இதற்கு மூலகாரணம் தாங்கள்தான். பொழுது போகட்டும் என்று டிவியில் ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் போனீர்களே, அதில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம் அகப்பட்டது. ஒரு தனியார் துப்பறிவாளன். படம் முழுக்க மழை, நம்மூர்ச் சாரல் தோற்றுப்போகும். நீளக் கோட்டு, தொப்பி, கண்ணாடிக் கதவில் பெயர் எழுதிய ஒரு அறை. வருகிறவர்கள் எல்லோரும் அவனிடம் பொய்தான் சொல்கிறார்கள். ஊரே அவன் மண்டையில் அடிக்கிறது. கடைசியில் அவன் ஒற்றையாக வீட்டுக்குப் போய் விளக்கைப் போடுகிறான். படம் முடிகிறவரை ஒருத்தராவது அவனிடம் "சாப்பிட்டியா" என்று கேட்கவில்லை, மாப்பிள்ளை. நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து, டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவன் நான். எனக்கு ஏன் இந்தத் தொழில் வராது என்று தோன்றிவிட்டது. டிப்பார்ட்மெண்டில் கொடுத்த மழைக்கோட்டு பரணில் இருந்தது, வித்யா ஊட்டியில் வாங்கிக் கொடுத்த தொப்பியும் இருந்தது. இரண்டையும் மாட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். படத்தில் வருகிற மாதிரி அழகான பெண் ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாள் என்று எதிர்பார்த்ததாக நினைக்க வேண்டாம். சிலிண்டர் போடுகிறவர்தான் தட்டினார். "என்ன சார், காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

யாரும் வரவில்லை என்பதால் நானே ஒரு கேஸைப் பிடித்தேன். எதிர்வீட்டுப் பலவேசம் தங்களுக்குத் தெரியும், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை, மத்தியானத்தோடு கடையை அடைத்துவிடுவான். நான் சாயங்காலம் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் போவேன். பாஸ் இருக்கிறது, வீட்டில் சுவரைப் பார்ப்பதற்கு அங்கே அருவியைப் பார்க்கலாம். போகிற நாளெல்லாம் அங்கே இந்த மனுஷனும் நிற்கிறான். தோளில் துண்டு. திரும்பி வரும்போதும் அதே துண்டு, காய்ந்தபடி! தலையும் காய்ந்தபடி! சீசன் நேரத்தில் மெயின் அருவி வரை போய்விட்டு ஒருவன் நனையாமல் திரும்புகிறான் என்றால் அவன் குளிக்கப் போகவில்லை, வேறு எதற்கோ போகிறான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பாலம்மாளுக்கு இது தெரியுமா என்று மனசு அடித்துக்கொண்டது. பாலம்மாள் அவன் சம்சாரம், தங்கமான பெண், கொழுக்கட்டை அவித்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.

பின்தொடர்ந்தேன். பின்தொடர்வதில் ஒரு சங்கடம், மாப்பிள்ளை. படத்தில் ஊரே கோட்டும் தொப்பியுமாகத் திரிகிறது, அவனை யாருக்கும் தெரியவில்லை. குற்றாலத்தில் ஊரே துண்டும் எண்ணெயுமாக நிற்கிறது, நடுவில் நான் ஒருத்தன் கோட்டோடு. சினிமா ஷூட்டிங் என்று கூட்டம் கூடி என்னோடு செல்ஃபி எடுத்தது. எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர், "அண்ணாச்சி, கோட்டக் கழத்துங்க, உருவி விடுதேன்" என்று கையைப் பிடித்து இழுத்தார். ஒரு குரங்கு வந்து தொப்பியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அதை வாழைப்பழம் காட்டி மீட்டுக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் பலவேசம். குற்றவாளி எதற்காக எனக்குத் தொப்பி மீட்டுக் கொடுக்கிறான்? சந்தேகம் இரட்டித்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, அவன் ஏறட்டும், பிறகு ஏறலாம் என்று நின்றேன். அவன் ஏறவில்லை. பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. அவன் வெள்ளரிக்காய் தின்றுகொண்டு நிற்கிறான். பலே கைகாரன் என்று நினைத்து, கால் கடுத்துப்போய்க் கடைசியில் நானே முதலில் ஏறினேன்.

ஏறியதும் பழைய பழக்கத்தில் கண்டக்டரைப் பிடித்தேன். கண்டக்டர் பெலிக்ஸ் என்னிடம் பயந்து வேலை பார்த்த பையன். "பின்னால நிக்காரே, அவரு டெய்லி எங்க டிக்கெட் எடுக்காரு?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "அவரா சார்? உங்களுக்குப் பின்னாலதான் ஏறுவாரு. 'அந்தத் தொப்பிக்காரர் எங்க எறங்குதாரோ அங்கன ஒண்ணு குடும்'பாரு" என்றான்.

எனக்கு வேர்த்துவிட்டது, சாரலில். எத்தனை டிக்கெட் பார்த்திருப்பேன், நான் பின்தொடர்ந்தவன் என்னைப் பின்தொடர்ந்தது எனக்குத் தெரியவில்லையே. இறங்கியதும் சுக்குக் காப்பிக் கடையில் வைத்து மடக்கினேன். "என்னவே, தெனமும் வாரீரு, ஏன் துண்டு நனையல?"

"அத நான்லா ஒங்ககிட்ட கேக்கணும் அண்ணாச்சி" என்றான். "ஒங்க தோள்ல கெடக்க துண்டு மட்டும் நனைஞ்சிருக்கா?"

தொட்டுப் பார்த்தேன். நனையவில்லை.

பிறகு உண்மை வந்தது. வித்யா போன் போட்டாளாம். "அப்பா அருவில குளிச்சேன் குளிச்சேங்காங்க, வீடியோல பாத்தா தல காஞ்சி கெடக்கு. ஒத்தையில அங்கன போயி என்ன செய்யுதாங்கன்னு பாருங்க மாமா" என்று அழுதாளாம். பார்த்தீர்களா, துப்பறிவாளி யார் என்று! செக்கிங் இன்ஸ்பெக்டர் மகள்.

உள்ளதைச் சொல்கிறேன். நான் குளிப்பதில்லைதான். உங்கள் அத்தை இருந்தபோது பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்து, என் கண்ணாடி, வாட்ச், மாற்று வேட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நிற்பாள். "போதும் வாங்க, சளி புடிக்கும்" என்று கத்துவாள். இப்போது கண்ணாடியை யார் கையில் கொடுப்பது? கண்ணாடி இல்லாமல் எனக்கு அருவியும் தெரியாது, கரையும் தெரியாது. அதனால் பார்த்துவிட்டு வருகிறேன், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் பலவேசம் கையை நீட்டினான். "இங்கன குடுங்க அண்ணாச்சி, நான் வச்சிருக்கேன். போயித் தலையக் காட்டிட்டு வாங்க."

எனக்கு வந்ததே கோபம்! ஒற்றன் கையிலா கண்ணாடியைக் கொடுப்பேன்? "வே, நீரு ஒம்ம சோலியப் பாரும், நாளையிலேருந்து எம் பின்னால வரப்பிடாது" என்று சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். தங்களுக்கும் திட்டவட்டமாகச் சொல்கிறேன்: எனக்குக் காவல் வேண்டாம், துணை வேண்டாம், நான் நிம்மதியாக இருக்கிறேன், புனேக்கும் வருவதாக இல்லை. வித்யாவிடம் சொல்லி இந்த ஒற்று வேலையை உடனே நிறுத்தவும்.

உலகம்மை உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் வைத்திருப்பாளாக. மகளுக்கு என் ஆசி, தங்கள் பெற்றோருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஆவுடைநாயகம்

பி.கு.: தபாலில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இன்று குற்றாலம் போனேன். போகுமுன் தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, கோட்டும் தொப்பியும் இல்லாமல், துண்டோடு போனேன். பஸ்ஸில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பலவேசம் வரவில்லை. போகச் சொன்னால் போய்விடுவதா, மனுஷன்? அருவிக் கரையில் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, எண்ணெய்த் தலையோடேயே பஸ் ஏறி வந்துவிட்டேன். சட்டையெல்லாம் எண்ணெய், இந்தக் கடிதத்திலும் பட்டிருக்கும், மன்னிக்கவும். மேலே எழுதியதை விட்டுத்தள்ளுங்கள். வித்யாவை இன்றைக்கே பலவேசத்துக்குப் போன் போடச் சொல்லுங்கள். அப்பா தலை இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது, தொடர்ந்து கவனிக்கவும் என்று சொல்லட்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.