இருபத்திரண்டு பிரேமும் லினக்ஸ் அண்ணனின் மீசையும்

பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் விண்டோஸைக் குடும்பப் பகையாகக் கருதிய ஒரே மனிதர் எங்கள் லினக்ஸ் அண்ணன்தான். "எனக்க கையால விண்டோஸ் போட்டா, சத்யமாட்டு அன்னைக்கு மீசைய எடுப்பேன்" என்று சபதமே செய்திருந்தார்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை அவருடையது. எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் முதலில் ஒரு கேமை ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை பிரேம், அதாவது எத்தனை படம் ஓடுகிறது என்று பார்ப்பார். விண்டோஸில் இவ்வளவு, அதற்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் இவ்வளவு என்று ஸ்டிக்கரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அடியில் ஒட்டிவிடுவார். பத்திரம் டைப் அடிக்கிற வக்கீலின் கம்ப்யூட்டருக்கும் அதே ஸ்டிக்கர்தான்.

உலகத்தையே பிரேமில் அளக்கிறவர். வளைவில் முக்கி முனகி வரும் பஸ்ஸைப் பார்த்து, "பதினஞ்சு பிரேம்லயாக்கும் வருது" என்பார்.

என் பழைய லேப்டாப்பில் கேம் இருபத்திரண்டு பிரேமில் நொண்டியது. "எலே மக்கா, உனக்க கிராபிக்ஸ் கார்டு பழசு. அத ஓட்டுக புரோகிராம், டிரைவர்ன்னு சொல்லுவாவ, விண்டோஸ்ல புதுசு இல்ல, லினக்ஸ்ல உண்டு" என்று மாற்றினார். முப்பத்தெட்டு! கடையில் நின்ற எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார்.

எனக்கோ அது வெறும் கேம் இல்லை. மஸ்கட்டில் இருக்கும் தம்பி போனில் "சுகமா? சுகம்" என்பதோடு சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெட்டில் பேசிக்கொண்டே சேர்ந்து விளையாடும்போதுதான் காய்ச்சல், மேஸ்திரியோடு சண்டை எல்லாம் அவன் வாயில் வரும்.

திடீரென்று கேம் கம்பெனிக்காரர்கள் கள்ளாட்டத்தைத் தடுக்கிறோம் என்று ஒரு பூட்டுப் போட்டார்கள். அதோடு கேம் விண்டோஸில் மட்டும்தான் திறந்தது, லினக்ஸில் திறக்கவே இல்லை. தம்பியோடு விளையாட முடியவில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். விண்டோஸ் போட்டுத் தரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு கடைக்குக் கொண்டுபோகவும் மனசில்லை. மூன்று வெள்ளி போயிற்று. போனில் தம்பி "சுகம்" என்றான், வைத்துவிட்டான்.

நாலாவது வெள்ளி அண்ணனே பென்டிரைவோடு வீட்டுக்கு வந்தார். பாகற்காய் தின்ற முகத்தோடு விண்டோஸ் போட்டார். பிறகு வழக்கம்போலப் புது ஸ்டிக்கர்.

"இருபத்திரண்டு பிரேம்தான் மக்கா, நொண்டும். தம்பிக்க சத்தம் நொண்டாது, கேட்டியா. நான் வாறேன்."

அன்று தம்பி ஒன்றரை மணி நேரம் பேசினான்.

மறுநாள் கடைக்குப் போனேன். அண்ணனுக்கு மீசையைக் காணோம். உரித்த மரச்சீனிக் கிழங்கு மாதிரி இருந்த அந்த முகத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது.